பத்து வயதுப் பிள்ளைக்கு 25 கால்கள்

சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் பல வருடங்களாகச் சொல்லிவரும் கணக்கு ஒன்று உண்டு. பத்து வயதில் கண்ணிவெடியில் காலை இழக்கும் பிள்ளை இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் வாழும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு வாழ்நாளில் சுமார் 25 செயற்கைக் கால்கள் தேவைப்படும். வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒன்று. வளர்ச்சி நின்ற பிறகு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒன்று.

உதவித் திட்டங்களோ பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடங்களுக்குத்தான் எழுதப்படுகின்றன. ஏறக்குறைய ஒரு செயற்கைக் காலின் ஆயுள் அது. கால் தேயும் நேரத்தில் அதைச் செய்து கொடுத்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போயிருப்பார்கள். கண்ணிவெடியில் தப்பியவர்களின் மருத்துவம் என்றால் அறுவைச் சிகிச்சை மேசையைப் பற்றி நிறையப் பேசுகிறோம், அதற்குப் பின்னால் வரும் நாற்பது வருடங்களைப் பற்றிக் கொஞ்சம்தான். இலங்கையின் வடக்கில் போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே இன்று மிச்சமிருப்பது அந்த நாற்பது வருடங்கள்தான்.

ஆனாலும் காயத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு வேர் அங்கேதான்.

இலங்கை இராணுவம் வடக்கில் பரவலாகப் புதைத்த பி4 என்ற பாகிஸ்தான் தயாரிப்பு மிதிவெடியில் இருப்பது சுமார் 30 கிராம் வெடிமருந்து. உள்ளங்கையில் அடங்கிவிடும் பிளாஸ்டிக் டப்பா. கம்போடியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் ஏராளமாகப் புதைக்கப்பட்ட சோவியத் பிஎம்என் வகையில் 240 கிராம் டிஎன்டி இருக்கும். முதலாவது பாதத்தைச் சிதைக்கும். இரண்டாவது முழங்காலுக்குக் கீழே முழுவதையும், சில சமயம் மேலேயும் கொண்டுபோகும். விடுதலைப் புலிகள் தாங்களே செய்த ஜொனி, ரங்கன் வகைகள் தனி. யார் எந்த வெடியை மிதித்தார் என்பதிலேயே அவருடைய முழங்கால் மூட்டு தப்புமா என்பது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மூட்டு தப்புவது சாதாரண விஷயம் இல்லை. முழங்காலுக்குக் கீழே இழந்தவர் நடக்க மற்றவர்களைவிடச் சுமார் கால் பங்கு கூடுதல் சக்தி செலவழிக்கிறார். மேலே இழந்தவருக்கு அந்தக் கூடுதல் அறுபது விழுக்காட்டைத் தாண்டுகிறது. வயலுக்கும் கிணற்றுக்கும் நடக்கிற ஒருவருக்கு இந்த வித்தியாசம் ஒரு நாள் வேலையின் வித்தியாசம்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்கள அறுவைச் சிகிச்சை நிபுணர் ராபின் கூப்லண்ட் 1990களின் தொடக்கத்தில் இந்தக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். மருத்துவர்கள் இன்றும் அதையே பின்பற்றுகிறார்கள். புதைந்த வெடியை மிதித்தவருக்கு வருவது முதல் வகை: ஒரு கால் போகும், மற்றக் காலிலும் பிறப்புறுப்பிலும் கையிலும் காயம் இருக்கும். கம்பி தடுக்கி வெடிக்கும் வகையாலோ, பக்கத்தில் வேறொருவர் மிதித்ததாலோ உடலெங்கும் சில்லுகள் பாய்வது இரண்டாவது. வெடியைக் கையில் எடுத்தவருக்கு, அதாவது பெரும்பாலும் விளையாடும் சிறுவருக்கும் வெடி அகற்றுபவருக்கும், விரல்கள், முகம், கண்கள் போவது மூன்றாவது.

முதல் வகைக் காயம் பார்வைக்குத் தெரிவதைவிட ஆழமானது. வெடித்த கணத்தில் கெண்டைக்காலின் தசையும் தோலும் காற்றில் விரிந்த குடைபோல மேலே எழும்பி, மறுபடி கீழே படிந்துவிடுகின்றன. அந்தக் கண இடைவெளியில் மண், புல், செருப்பின் துண்டு, அவருடைய பாதத்து எலும்பின் சில்லுகள் எல்லாம் தசைகளுக்கு இடையே மேல்நோக்கி ஏறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கணுக்காலோடு காயம் முடிந்ததுபோல் இருக்கும். அழுக்கு முழங்கால் வரை போயிருக்கும். இதை அறியாத மருத்துவர், அவர் எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும், நகரத்து விபத்துக் காயத்துக்குச் செய்வதுபோல் சுத்தம் செய்து உடனே தைத்து மூடிவிட்டால் ஒரு வாரத்தில் சீழ் பிடித்து மறுபடி வெட்ட வேண்டிவரும். ஒவ்வொரு மறு வெட்டிலும் கால் சில அங்குலம் குறைகிறது.

முறை வேறு. அழிந்த தசையை முழுக்க அகற்றிவிட்டுக் காயத்தைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். கட்டுப் போட்டு, ஆன்டிபயாட்டிக்கும் டெட்டனஸ் தடுப்பும் கொடுத்து, நான்கைந்து நாள் கழித்துத்தான் தைப்பு. போர்க்கள மருத்துவத்தில் மிகப் பழைய பாடம் இது. ஒவ்வொரு போரிலும் புதிதாகக் கற்கிறார்கள், போர் முடிந்ததும் மறக்கிறார்கள்.

வெட்டும்போதே செயற்கைக் காலை மனத்தில் வைத்து வெட்ட வேண்டும். எலும்பின் முனையை உருட்டி மழுக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளில் சிறியதைப் பெரியதைவிடச் சற்றுக் குட்டையாக நறுக்க வேண்டும், கெண்டைத் தசையைக் கொண்டுவந்து முனைக்கு மெத்தையாகப் போட வேண்டும். இவை விடுபட்டால் நோயாளி பிழைத்துக்கொள்வார். ஆனால் அடுத்த முப்பது வருடமும் செயற்கைக் காலை மாட்டும்போதெல்லாம் எலும்பு முனை தோலைக் குத்தும். வெட்டிய மருத்துவருக்கு அது தெரியவே வராது, ஏனென்றால் அவரிடம் அந்த நோயாளி திரும்பிப் போவதில்லை. செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் இருக்கும் டெக்னீஷியனுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகளின் கதை இன்னும் கடினம். வெட்டுப்பட்ட எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும், தோல் அதே வேகத்தில் நீளாது. முனை கூராகித் தோலைத் துளைக்க வரும்போது மறுபடி அறுவைச் சிகிச்சை. வளர்ந்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று தடவை மேசை ஏறும் பிள்ளைகள் உண்டு.

முதல் சில மணி நேரம்

இவ்வளவும் ஆஸ்பத்திரி வரை உயிரோடு வந்தவர்களைப் பற்றி. வராதவர்கள் பட்டியலில் வெறும் எண்ணாகத்தான் இருப்பார்கள். இந்த இடத்தில் நார்வே மருத்துவர் ஹான்ஸ் ஹூசும் குழுவினர் 1997 முதல் 2001 வரை வட ஈராக்கிலும் கம்போடியாவிலும் செய்த வேலை என்னை மிகவும் கவர்ந்தது. கண்ணிவெடி நிறைந்த கிராமங்களில் ஆம்புலன்ஸ் கிடையாது, நல்ல சாலையும் கிடையாது. காயம்பட்டவர் மருத்துவமனை சேரச் சராசரியாக 5.7 மணி நேரம் ஆயிற்று. அவர்கள் ஹெலிகாப்டர் கேட்டு மனுப் போடவில்லை. 135 பேரைத் துணை மருத்துவர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் வழியாகக் கிராமத்து ஆட்கள் 5,200 பேருக்கு முதலுதவி கற்றுக் கொடுத்தார்கள். விவசாயிகள், பெண்கள், ஓரளவு வளர்ந்த பிள்ளைகள், இப்படி யார் பக்கத்தில் இருப்பார்களோ அவர்கள்.

சொல்லிக் கொடுத்ததும் எளிமையானதுதான்: மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது, இரத்தக் குழாயை அழுத்திப் பிடிப்பது, துணியைக் காயத்துக்குள் திணித்து இறுக்கிக் கட்டுவது, உடல் குளிராமல் போர்த்துவது. அதற்கு முன்பு 40 விழுக்காடாக இருந்த இறப்பு, அந்த ஐந்து வருடங்களில் சராசரியாக 14.9 விழுக்காட்டுக்கு இறங்கியது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் இத்தனை உயிரைத் தக்கவைத்த மருத்துவத் திட்டங்கள் அதிகம் இல்லை.

அதில் ஒரு சர்ச்சையும் உண்டு. காலை மேலே கயிறுபோல் இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே வேண்டாம் என்று அந்தக் குழு பிடிவாதமாகச் சொன்னது. ஆறு மணி நேரம் கட்டு அவிழாமல் கிடந்தால் மிச்சமிருக்கும் நல்ல பகுதியும் செத்துவிடும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கப் படை மருத்துவர்கள் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்தில் நேர் எதிராக டூர்னிக்கேயை மறுபடி கொண்டுவந்தார்கள். இரண்டும் சரியாக இருக்க முடியும். ஒருவருக்கு ஹெலிகாப்டர் வருகிறது, மற்றவருக்கு மாட்டு வண்டி.

கால் செய்யும் இடம்

காயம் ஆறிச் சில வாரங்களில் முதல் செயற்கைக் கால் வரும். எஞ்சிய காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்து, அந்த அச்சில் மாவு ஊற்றிப் பிரதி செய்து, எங்கே எலும்பு தாங்கும், எங்கே தாங்காது என்று பார்த்துச் செதுக்கி, அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக்கை இழுத்து மூடினால் சாக்கெட். கால் உள்ளே இறங்கி உட்காரும் அந்தக் கூடுதான் முக்கியம். பத்திரிகைப் படங்களில் பாதம் அழகாகத் தெரியும். ஆனால் ஒருவர் தன் செயற்கைக் காலைத் தினமும் போடுகிறாரா, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு ஊன்றுகோலை எடுக்கிறாரா என்பதைச் சாக்கெட்தான் தீர்மானிக்கிறது. அதிலும் முதல் வருடத்தில் எஞ்சிய கால் சுருங்கும். அளந்து செய்த சாக்கெட் சில மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். காலுறை மேல் காலுறை போட்டுச் சமாளிப்பார்கள். அப்புறம் புது சாக்கெட்தான்.

பாதத்தைப் பொறுத்தவரை நம் பக்கத்தில் ஜெய்ப்பூர் கால் தெரியாதவர்கள் குறைவு. 1968இல் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. அதிகம் படிக்காத சர்மாவுக்கு யோசனை டயர் கடையில் கிடைத்தது என்பார்கள். மேற்கத்திய பாதம் ஷூவுக்குள் போடுவதற்கென்றே செய்யப்பட்டது, கணுக்கால் மடங்காது. அதைப் போட்டுக்கொண்டு குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, செருப்பைக் கழற்றிக் கோயிலுக்குள் போக முடியாது, சேற்றில் இறங்கினால் பஞ்சு ஊறிவிடும். ஜெய்ப்பூர் பாதம் பஞ்சு ரப்பரும் மரக்கட்டையும் வைத்து மேலே ரப்பரைச் சுட்டு மூடியது. எல்லாப் பக்கமும் வளையும், தண்ணீர் உள்ளே போகாது. திருச்சி அருகே 1981இல் நடந்த பேருந்து விபத்தில் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் மறுபடி மேடையேறி நடனமாடியது இந்தக் காலோடுதான்.

இதன் பெருமையைச் சொல்லும்போது குறையையும் சொல்ல வேண்டும். பாதத்தைப் பற்றிக் குறை சொல்பவர்கள் குறைவு. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி ஒரே நாளில் இழுத்துச் செய்யும் சாக்கெட்டைப் பற்றித்தான் தொழில் தெரிந்தவர்களின் விவாதம். வேகமாகச் செய்தால் பொருத்தம் தப்பும். செஞ்சிலுவைச் சங்கம் பாலிப்ராப்பிலீன் பிளாஸ்டிக்கில் உருவாக்கிய முறை இதற்கு மாற்றாக உலகம் முழுவதும் பரவியது. மலிவு, மறுசுழற்சி செய்யலாம், கோணத்தை ஸ்குரூவால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அடுப்பும், மின்சாரமும், பாகங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதும் தேவை.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கியது. ஃப்ரெண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பின் முயற்சி அது. பின்னர் செஞ்சிலுவைச் சங்கம் நீண்ட காலம் துணை நின்றது. 1990களில் வடக்கு பொருளாதாரத் தடைக்குள் கிடந்தது. பேட்டரி, சிமென்ட், எரிபொருள் என்று பட்டியல் நீளும். உள்ளூர்ப் பொருளில், உள்ளூர்க் கையால் செய்யக்கூடிய கால் வேண்டும் என்பதை அங்கே யாரும் கொள்கை விளக்கம் சொல்லி நிறுவ வேண்டியிருக்கவில்லை. வன்னிப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் வெண்புறா நிறுவனம் கால் செய்து கொடுத்தது. போர்க் கோடு மாறமாற, யார் எங்கே போய்க் கால் மாற்றுவது என்பதும் மாறியது. பாதை மூடப்பட்டால் உடைந்த காலோடு காத்திருக்க வேண்டும்.

2009இன் முதல் மாதங்களில் எல்லாம் கைமீறிப் போனது. முல்லைத்தீவுக் கரையின் ஒடுங்கிய நிலத்தில் ஷெல் விழுந்த நாட்களில் கைகால் இழந்தவர்களுக்கு மேலே சொன்ன எந்த முறையும் பொருந்தாது. மயக்க மருந்து பற்றாக்குறை, இரத்தம் இல்லை, நான்கைந்து நாள் கழித்துத் தைக்க அந்த ஆஸ்பத்திரியே அதே இடத்தில் இருக்குமா என்று தெரியாது. செஞ்சிலுவைக் கொடி கட்டிய கப்பல்களில் திருகோணமலைப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒழுங்கான சிகிச்சை கிடைத்தது. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று அப்போது இயங்கியது. அந்த அவசரத்தில் வெட்டப்பட்ட கால்களின் விளைவுகள் இன்றும் பட்டறைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

2010இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த மெனிக் பாமில் இந்திய அரசின் உதவியோடு ஜெய்ப்பூர் கால் முகாம் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சில வாரங்களில் எழுந்து நடந்தார்கள். முகாம்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தரையில் தவழ்ந்துகொண்டிருந்தவருக்கு அன்றைக்கு ஒரு கால் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் முகாம் தருவது ஒரு கால்தான். பட்டி அறுந்தால், சாக்கெட் தளர்ந்தால், ஆறு மாதத்தில் தோல் கொப்பளித்தால் போவதற்கு இடம் வேண்டும். கிளிநொச்சியின் உட்கிராமத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். கால் இலவசம் என்று பலகை தொங்கும். அந்தப் பலகைக்கு வந்து சேரும் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. முகாமையும் நிலையத்தையும் ஒரே தட்டில் வைத்து, எத்தனை கால் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்கும் வழக்கம் இந்தத் துறையின் பெரிய பலவீனம் என்பது என் எண்ணம்.

நிலையம் நிற்பதற்கு ஆள் வேண்டும். செயற்கைக் கால் செய்வது மூன்று வருடப் படிப்பு. இலங்கையில் அதற்கான பள்ளி கொழும்புக்கு அருகே ராகமையில் 2004இல்தான் தொடங்கியது, அதுவும் கம்போடியாவில் 1994இலேயே இப்படி ஒரு பள்ளி தொடங்கிய அமைப்பின் உதவியோடு. அதற்கு முன்பு போர்க்காலத்தில் கால் செய்தவர்கள் பலரும் வேலையிலேயே தொழில் பழகியவர்கள். அவர்களில் சிலர் தாங்களே கால் இழந்தவர்கள்.

காபூலில் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார்கள். அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலையம் 1988இல் தொடங்கியது. வழக்கறிஞராகப் படித்துப் பின்னர் பிசியோதெரபிஸ்ட் ஆன இத்தாலியர் அல்பெர்ட்டோ கைரோ 1990இல் அங்கே வந்தார், பிறகு திரும்பிப் போகவே இல்லை. கால் செய்பவர், காவலாளி, கணக்கர், பிசியோதெரபிஸ்ட் என்று எல்லா வேலைக்கும் மாற்றுத்திறனாளிகளையே எடுப்பது அவர் கொண்டுவந்த வழக்கம். வருகிற நோயாளி தனக்கு அளவெடுப்பவர் எழுந்து நடக்கும்போது அவருக்கும் ஒரு கால் இல்லை என்பதைக் கவனிப்பார். ஆலோசகர் ஒருவர் மணிக்கணக்கில் பேசுவதைவிட அது வேலை செய்யும். கூடவே சிறு கடன், வீட்டிலிருந்தே பள்ளிப் படிப்பு, தொழிற்பயிற்சி எல்லாம் அந்த நிலையமே கொடுத்தது. கால் கிடைத்தவர் நடந்து போக ஒரு வேலை வேண்டுமே.

இல்லாத காலின் வலி

இழந்த பாதத்தில் வலி வருவது பலருக்கும் அனுபவம். இல்லாத பெருவிரல் எரியும், இல்லாத குதிகால் முறுக்கும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பல வருடம் சொல்லாமலே இருப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியைப் பிடித்தார், நிஜமாகவே கண்ணாடி. இருக்கும் காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி வைத்து, நல்ல காலை அசைத்தால் மூளை இரண்டும் அசைவதாக எடுத்துக்கொள்கிறது. வலி குறைகிறது.

கம்போடியாவில் கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்த 45 பேரிடம் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். கண்ணாடி ஒரு குழுவுக்கு, எஞ்சிய காலைத் தொட்டுத் தேய்த்துவிடுவது இன்னொரு குழுவுக்கு, இரண்டும் சேர்த்து மூன்றாவது குழுவுக்கு என்று நான்கு வாரம். மூன்று குழுவிலும் வலி பாதிக்கு மேல் குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் குறைந்தபடியே இருந்தது. ஒரு நிலைக்கண்ணாடி, கொஞ்சம் துணி, சொல்லிக் கொடுக்க ஒருவர். ஒரு குழுவுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் சிறிதுதான் என்பதால், கண்ணாடிகூட இல்லாத வீட்டில் தேய்த்துவிடும் கை போதும் என்றும் இதைப் படிக்கலாம்.

இதுவரை கால் பற்றியே பேசியதற்கு ஒரு காரணம் உண்டு; இந்தத் துறை முழுவதும் கால் பற்றியே பேசுகிறது. காலுக்கு ஒரு விடை இருக்கிறது, புகைப்படமும் இருக்கிறது. கூப்லண்டின் மூன்றாவது வகையைச் சேர்ந்தவர்கள், அதாவது இரு கையும் இழந்தவர்கள், கண் பார்வை போனவர்கள், இந்தப் படத்துக்குள் வருவதில்லை. செயற்கைக் கை இன்னும் காலளவுக்கு உபயோகமாக ஆகவில்லை. விலை குறைந்த கைகளில் பல, சட்டைக்குள் வெறுமை தெரியாமல் மறைக்கத்தான். கண் இழந்தவருக்கு வேண்டியது பட்டறை அல்ல: வெள்ளைப் பிரம்போடு நடக்கப் பயிற்சி, பிரெயில், பேசும் போன், ஒரு தொழில். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் கிராமப்புறங்களில் அபூர்வம். ஒரே வெடியில் காலோடு கேட்கும் திறனையும் இழந்தவர்கள் உண்டு. காது யாருடைய பட்டியலிலும் வருவதில்லை.

பெண்களுக்கு இன்னொரு தடை. தொடை வரை அச்சு எடுக்க வேண்டிய இடத்தில் டெக்னீஷியன் ஆணாக இருந்தால் பலர் இரண்டாவது முறை வர மாட்டார்கள். காபூலிலும் இது பெரிய பிரச்சினை, அங்கே பெண்களுக்குத் தனிப் பகுதி வைத்தார்கள். நம் ஊர்களில் அதைக் கூச்சம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

தேதி உள்ள கடமையும் தேதி இல்லாத கடமையும்

ஒட்டாவாவில் 1997 டிசம்பரில் கையெழுத்தான கண்ணிவெடித் தடை உடன்படிக்கை 1999 மார்ச் 1இல் அமலுக்கு வந்தது. ஆயுதத்தைத் தடை செய்யும் ஒப்பந்தம் ஒன்று, அந்த ஆயுதத்தால் காயம்பட்டவர்களின் சிகிச்சையையும் மறுவாழ்வையும் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. இந்தியா இன்னும் வெளியில்தான் நிற்கிறது.

உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, புதைந்த வெடிகளைப் பத்து வருடத்துக்குள் அகற்ற வேண்டும் என்கிறது. இலங்கைக்கு உடன்படிக்கை 2018 ஜூன் 1இல் அமலுக்கு வந்ததால் அந்தக் கெடு 2028 ஜூன் 1. முகமாலையில் இரு தரப்பும் வருடக்கணக்கில் நேருக்கு நேர் நின்று புதைத்த நிலத்தைக் குனிந்து உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்குகிறவர்களில் நிறையப் பெண்கள், பலர் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். ஆறாவது பிரிவுதான் காயம்பட்டவர்களைப் பற்றியது. செய்யக்கூடிய நிலையில் உள்ள நாடுகள் உதவ வேண்டும் என்று அது சொல்கிறது. கெடு எதுவும் இல்லை. எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம் என்றும் இல்லை.

பணம் தேதி இருக்கும் இடத்துக்குப் போகிறது. கண்ணிவெடிப் பிரச்சினைக்கு உலக நாடுகள் தரும் நிதியில் பெரும்பகுதி வெடி அகற்றுவதற்கு. காயம்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கப்படுவது வழக்கமாகப் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. வெடி அகற்றுவதைத் தப்பு சொல்ல முடியாது, அது அடுத்த ஆளைக் காப்பாற்றுகிறது. ஆனால் துப்புரவான சதுர மீட்டரை அளக்கலாம், வரைபடத்தில் பச்சை அடிக்கலாம், விழா எடுத்து முடித்துவைக்கலாம். ஒருவருடைய ஏழாவது சாக்கெட்டுக்கு விழா எடுக்க முடியாது. இதற்கிடையில் புதுக் காயங்களும் நிற்கவில்லை. 2023இல் உலகெங்கும் பதிவான பலியும் காயமும் 5,757, மியான்மரில் மட்டும் 1,003. கொடுப்பவர்களின் கவனம் அங்கே திரும்புவதில் வியப்பில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரேயடியாக நிறுத்தி வைத்தபோது பழைய நிலங்களில் நடந்த வேலையும் ஆட்டம் கண்டது.

இலங்கையில் கண்ணிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் பாதிக்கப்பட்டவர்கள், படையினரையும் சேர்த்து, 22,000க்கு மேல் என்று சர்வதேசக் கண்காணிப்பு அறிக்கைகள் சொல்கின்றன. சிங்களக் கிராமங்களிலும் இந்தக் கால்கள் உண்டு. இராணுவத்தில் இருந்தவர்களுக்குப் படையின் மறுவாழ்வு நிலையங்களும் ஓய்வூதியமும் இருக்கின்றன. வன்னியில் மாடு தேடிப் போய் மிதித்தவருக்கும், முன்னாள் போராளிக்கும் மாகாண மருத்துவமனையும், தொண்டு நிறுவனமும், அரசின் சிறு மாதாந்தக் கொடுப்பனவும்தான்.

இப்போது இவர்களுக்கு வயதாகிறது. 1990இல் இருபது வயதில் காலை இழந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். முப்பது வருடம் அதிகப் பாரம் சுமந்த நல்ல காலின் முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. இடுப்பு வலி. எடை ஏறினால் சாக்கெட் இறுகுகிறது, இறங்கினால் தளர்கிறது. நீரிழிவு வந்துவிட்டால் சாக்கெட் உரசிய சிறு புண்கூட ஆறாமல் அடுத்த வெட்டுக்கு இழுத்துப் போகும். அவர் போய் நிற்க வேண்டியது எலும்பு மருத்துவரிடமா, நீரிழிவுக் கிளினிக்கிலா, கால் செய்யும் நிலையத்திலா? பெரும்பாலும் மூன்றும் மூன்று ஊரில் இருக்கும், ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொள்ளாது.

ஆனால் இந்த இடத்தில்தான் ஒரு வழியும் தெரிகிறது. இன்று இலங்கையில் கால் வெட்டுப்படுவதற்குப் பெரிய காரணம் நீரிழிவு, அடுத்து சாலை விபத்து. அந்த நோயாளிகள் குறையப் போவதில்லை. போருக்காகத் தொடங்கிய பட்டறைகளில் இன்று அளவெடுக்க வரும் பென்ஷன்காரர்களும் மோட்டார் சைக்கிள் பையன்களும்தான் அந்தப் பட்டறைகள் மூடாமல் இருக்கக் காரணமாகப் போகிறார்கள். காயம் எதனால் வந்தது என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சேவை என்று உடன்படிக்கை நாடுகளே தங்கள் செயல் திட்டங்களில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை வைத்து மாவட்ட மருத்துவமனைகளுக்குள்ளேயே கால் செய்யும் பிரிவைக் கொண்டுவந்து, டெக்னீஷியனை அரசுச் சம்பளப் பட்டியலில் போட்டு, பிளாஸ்டிக் தகட்டையும் பாதத்தையும் மருந்து வாங்கும் அதே கொள்முதலில் சேர்த்துவிடலாம். தொண்டு நிறுவனம் தயவு வைத்தால் கிடைக்கும் பொருளாக அது இருக்க வேண்டியதில்லை.

2028 ஜூன் 1க்கு இன்னும் கொஞ்சம் காலம்தான் இருக்கிறது. வெடியற்ற நாடு என்ற அறிவிப்பு வந்ததும் மிச்சமிருக்கும் வெளிநாட்டுப் பணமும் நின்றுவிடக்கூடும். எனவே அறிவிப்பு வரும் முன்பே, சாக்கெட்டுக்கு ஆகும் செலவு எந்த அமைச்சின் கணக்கில், எந்த வரியில் வரும் என்பதைக் கொழும்பில் எழுதி வாங்கிவிட வேண்டும். மாகாண சபையா மத்திய அரசா என்ற இழுபறிக்கு அதில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இழுபறி இப்போதே தொடங்கினால்தான் 2028க்குள் முடியும்.